உள்ளங்கையில் ஹாப்ஸ் வாசம்

ஹாப்ஸைத் தேய்த்த உள்ளங்கையை எவ்வளவு கழுவினாலும் அந்தப் பச்சை முழுதாகப் போகாது. ரேகைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சோறு பிசையும்போதும், மகளின் தலையைத் தடவும்போதும், கோயிலில் திருநீறு வாங்கும்போதும் கூடவே வரும். அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமல்ல. நீட்டிய என் உள்ளங்கையும் அதன்மேல் கவிழ்ந்த அவர் மூக்கும்தான். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, மார்பு விம்ம, மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார். மூக்கு நுனியில் பச்சைத் தூள் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்க மறந்தபடியே நிமிர்ந்து, "இல்லடா" என்பார். அந்த மூக்கைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. துடைத்துக்கொள்ள என் கைக்குட்டையை நீட்டுவேன்.

மலேசியாவில், கோலாலம்பூரை ஒட்டிய பூச்சோங் தொழிற்பேட்டையில், டயர் கடைக்கும் ஓடு விற்கும் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது நாங்கள் வேலை செய்த பீர் ஆலை. ஆலை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எஃகுத் தொட்டிகள் சில, ஒரு பெரிய அண்டா, ஒரு குளிர் அறை, முன்பக்கம் வாடிக்கையாளர்கள் உட்கார நாலைந்து மேசைகள், அவ்வளவுதான். முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். உரிமம் அவருடையது, கைப்பக்குவம் அண்ணனுடையது. ஆஸ்திரேலியாவில் சில வருடம் இதே வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தார் அண்ணன். ஹோட்டல் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்த என்னை, "வாடா, குளிர் ரூம நீ பாத்துக்க" என்று இழுத்துக்கொண்டவரும் அவர்தான். நம் ஆட்களிடம் பீர் காய்ச்சுகிற வேலை என்று சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். குடிப்பவர்கள்தான் அதிகமாகச் சுளிப்பார்கள். அண்ணி தன் பிறந்த வீட்டில் "உணவுத் தொழில்" என்று சொல்லிவைத்திருந்தார். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பீர் குடிக்கிற பலருக்கும் ஹாப்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. அது ஒரு கொடியின் பூ. குளிர் நாடுகளில் வளர்வது. நம்மிடம் பூவாக வராது. அரைத்து, அழுத்தி, சின்னச் சின்னப் பச்சைத் துண்டுகளாக, காற்றுப் புகாத வெள்ளிப் பைகளில் வரும். பார்த்தால் முயல் தீவனம் போலிருக்கும். முளைகட்டிய பார்லியான மால்ட்டை ஊறவைத்து இறக்கிய தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது போட்டால் கசப்பு இறங்கும், வாசம் ஆவியோடு போய்விடும். கடைசியில் போட்டாலோ, ஆறிய பிறகு தொட்டியில் போட்டாலோ, கசப்பு அதிகம் ஏறாமல் வாசம் தங்கும். எந்த ரகத்தைப் போடுகிறோம் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. சிட்ரா என்றொரு ரகம். பையைக் கிழித்ததுமே மாம்பழமும் எலுமிச்சையும் கொய்யாவும் அறை முழுக்க நிறையும். கேஸ்கேட் போட்டால் பம்ளிமாஸ் தோலை நகத்தால் கீறியது போலிருக்கும். சாஸ் ரகத்தில் மிளகும் காய்ந்த வைக்கோலும் வரும். சப்ரோவில் தேங்காய். ஃபகல் என்ற ஆங்கிலேய ரகம் இவற்றில் எதிலும் சேராது. அதில் பழமே கிடையாது, மழை விட்ட மண்ணும் ஆறிப்போன தேத்தண்ணியும்தான். அதே மால்ட், அதே தண்ணீர், அதே ஈஸ்ட் என்றாலும் ரகத்தை மாற்றினால் வேறு பீர். வருகிறவர்களிடம் அண்ணன் இதை இப்படிச் சொல்வார்: "ஒரே புளித்தண்ணிதான் பாஸ். கடுகும் காஞ்ச மிளகாயும் போட்டு தாளிச்சா ஒரு ரசம், மிளகு சீரகம் இடிச்சிப் போட்டா வேற ரசம். இதுவும் அப்படித்தான் லா." சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு ரசத்தைப் பற்றி என்ன பேச்சு என்று அண்ணி கேட்பார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சும் நாள். குளிர் அறையிலிருந்து பைகளை நான் எடுத்து வருவேன். ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து இரண்டு கைகளுக்கிடையில் வைத்துச் சூடேறும்வரை தேய்த்து அண்ணனிடம் நீட்டுவேன். தொட்டி கழுவும் மருந்து வாடை அண்ணனுடைய கையில் எப்போதும் இருந்ததால் அவர் தன் கையை நம்பமாட்டார். என் கைதான் அவருக்குத் தட்டு. லேசாகக் குனிவார், அரை மூச்சுதான் இழுப்பார், உடனே சொல்லிவிடுவார். "இது போன வாரத்துத விட தூக்கல், கொஞ்சம் கம்மியா போடு." "இது தூங்குது, இன்னொரு பிடி போடு." ஒரு நாளும் தப்பியதில்லை. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் முந்தைய வாரத்துப் பீரில் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு பின்பக்கம் உட்காருவோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடங்களைக் கேட்டால் அந்தப் பின்பக்கத்தையும் சொல்வேன்.

பிறகு கோவிட் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு, பூட்டிய ஆலை, எல்லாருக்கும் நடந்ததுதான். கொஞ்சம் தளர்த்தித் திறந்த சமயத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் பெரிதாக இல்லை, தனிமைப்படுத்திக்கொண்டு இருந்து எழுந்துவிட்டார். எழுந்த அன்று பிரிக்ஃபீல்ட்சில் அவர்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் அண்ணி மீன் கறி வைத்தார். நானும் என் வீட்டாரும் போயிருந்தோம். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா, சுடுதண்ணிய ஊத்திட்டியா?" என்றார். விளையாட்டு என்று நினைத்தோம். எழுந்து போய் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தார், மல்லித்தூளை முகர்ந்தார், கடைசியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியிடம் மூக்கைக் கொண்டுபோனார். "ஒண்ணுமே இல்லடா" என்றார் என்னைப் பார்த்து. டாக்டர் மூக்கு சில வாரங்களில் திரும்பும் என்றார். ஊரில் எல்லாருக்கும் திரும்பியது. மாதங்கள் ஓடின, அண்ணனுக்குத் திரும்பவில்லை.

என் குணத்தில் ஒரு கோளாறு உண்டு. எதையும் சத்தமாகச் செய்துதான் எனக்குப் பழக்கம். பாசத்தையும் ஊரைக் கூட்டித்தான் காட்டுவேன். அடுத்த முறை எல்லாரும் கூடியிருந்தபோது, அண்ணி, அவர் தங்கை குடும்பம், பக்கத்து வீட்டு ஆன்டி எல்லாரும் பார்க்க, முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "அண்ணனுக்கு மூக்கு திரும்புற வரைக்கும் ஒரு சொட்டு பீர் தொடமாட்டேன். திரும்புனதும் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அண்ணி கண் கலங்கினார். பக்கத்து வீட்டு ஆன்டி, "கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணன் மட்டும், "எதுக்குடா அதெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். என்ன செய்துவைத்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூக்கில்லாமல் பீர் காய்ச்ச வேண்டிய மனிதருக்கு அந்தச் சமயத்தில் வேண்டியிருந்தது ஒரு நாக்கு. ஆலையில் அவருக்கு அடுத்தபடி ருசி பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த நாக்கைத்தான் முருகனிடம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வாயில் வைத்துத் துப்பியிருக்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சொட்டு என்றால் சொட்டுதான் என்று வீம்பு பிடித்தேன்.

தவுக்கே நல்ல மனிதர்தான். முதலில், "டேக் யுவர் டைம் லா" என்றார். பிறகு, "ஒருத்தருக்கு மூக்கு இல்ல, ஒருத்தருக்கு வாய் இல்ல, நான் என்ன சோயாக் கட்டி விக்கிற தவ்ஹு கடையா வச்சிருக்கேன்?" என்று சிரித்தபடியே கேட்டார். அதற்கும் பிறகு, பினாங்கில் நன்றாகக் காய்ச்சும் ஒருவர் இருக்கிறாராமே என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அண்ணனுக்கு அது எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிட்ராவைத் தேய்த்து நீட்டுவேன். ரகங்களிலேயே சத்தம் போடுவது அதுதான் என்பதால் எப்போதும் அதுதான். அவர் கவிழ்ந்து இழுப்பார். "இல்லடா." தீபாவளிக்கு எல்லாரும் கிளாஸ் ஏந்தியிருக்க நான் மட்டும் இனிப்பு ரோஜா சிராப் தண்ணியோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் தங்கை கணவர், "என்ன மச்சான், பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி?" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சிட்ரா பை காலியாகியிருந்தது. கைக்கு வந்த வேறொரு பையை எடுத்தேன். ஃபகல். பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சைதான். எப்படியும் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்ற அலட்சியத்தில் தேய்த்து நீட்டினேன். குனிந்தார். இழுத்தார். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், வந்துடுச்சுடா! மாம்பழம்! எலுமிச்ச! கொய்யா கூட லேசா அடிக்குது!"

என் உள்ளங்கையிலிருந்து ஈர மண் வாடை வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனியில் தூள், கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தவுக்கேயும் பார்த்துவிட்டு ஓடிவந்து அவர் தோளில் தட்டினார். நான் கையை மூடிக்கொண்டேன். "முருகா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு வந்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். எடுக்காமல் இருந்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, கிடைக்காத வரத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே படியேறினேன். அண்ணன் வெறுங்காலோடு என் பக்கத்திலேயே ஏறினார். கூட்டம் என்னை இடிக்காதபடி கையை வேலி மாதிரி வைத்துக்கொண்டே வந்தார். மேலே முருகன் முகத்தைப் பார்க்க முடியாமல் குடத்தைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து இறங்கினேன். மறு வெள்ளிக்கிழமை ஆலையின் பின்பக்கம் அண்ணன் தானே ஒரு கிளாஸ் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "முடிஞ்சிடுச்சில்ல, குடி" என்றார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, அது அவ்வளவு ருசியாக இருந்தது.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் தானாக உருவாகிவிட்டது. ஹாப்ஸைத் தேய்த்து, அண்ணனிடம் நீட்டுவதற்கு முன்னால் நானே ஒருமுறை முகர்ந்து, எனக்கு நானே பேசிக்கொள்வதுபோல, "என்ன இது, பம்ளிமாஸ் இவ்ளோ தூக்கலா இருக்கு" என்பேன். அண்ணன் குனிந்துவிட்டு, "ஆமாடா, கம்மியா போடு" என்பார். "சாஸு தூங்குதே" என்பேன். "ஆமா, ஒரு பிடி சேத்துக்க" என்பார். பீர் நன்றாகவே வந்தது. பல வருட அனுபவம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது, வாசத்துக்கு நான் இருந்தேன். தவுக்கே பினாங்கு ஆளைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது. உள்ளே எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சாமியிடம் சொன்ன வார்த்தையை மீறிக் குடித்தவன் நான். ஒரு வேளை அதனால்தான் அண்ணனுக்கு மூக்கு திரும்பவே மாட்டேன் என்கிறதோ என்ற நினைப்பு ஒரு முள்ளாக உள்ளே போய் நின்றுகொண்டது. படித்தவன்தான், கோவிட் கிருமி என்ன செய்யும் என்று தெரிந்தவன்தான். ஆனாலும் நின்றது.

இந்த முறை சத்தமில்லாமல் செய்ய நினைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போனால் அண்ணி பார்த்துவிடுவார் என்று, யாரும் தெரியாத கிள்ளானில் ஒரு முருகன் கோயிலைத் தேடிப் போனேன். முருகனுக்கு வெள்ளிக்கிழமை விசேஷம் என்பதால் வெள்ளிக்கிழமையாகவே போனேன். தவுக்கேயிடம் பல் வலி என்று லீவு சொன்னேன். அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். "போய்ப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றார். கிள்ளானில் அர்ச்சனை செய்து, குடித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, பழைய விரதத்தை மறுபடியும் மனத்துக்குள் மட்டும் எடுத்துக்கொண்டு, பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பாரம் குறைந்தது போலிருந்தது. அண்ணனின் மூக்கைத் திருப்பிக் கொடு என்று நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், பூச்சோங்கில் அண்ணன் தனியாக ஒரு பையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பையின் ஒட்டு எங்கோ விட்டிருக்கிறது. காற்றுப் புகுந்த ஹாப்ஸ் பழசாகி வேறு வாடைக்கு மாறிவிடும். சீஸ் வாடை, இல்லையென்றால் நாள் முழுக்கப் போட்ட காலுறையின் வாடை. மூக்குள்ளவர்கள் யாரும் அதைத் தவறவிட முடியாது. அண்ணன் அதை அப்படியே தொட்டியில் கொட்டியிருக்கிறார். ஒரு ஹோட்டலுக்குப் போகவேண்டிய பீர் அது. சில நாள் கழித்துத் தவுக்கே குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தார். முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கேஜு!" என்றார் மலாயில். சீஸ். கிளாஸை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கி, கண்ணை மூடி, நீளமாக இழுத்தார். ஒரு பார்வை என் பக்கம் வந்தது. நான் ஏதாவது முணுமுணுப்பேன் என்று காத்திருந்தார். தவுக்கே எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். என் வாய் திறக்கவில்லை.

"நல்லாதானே இருக்கு பாஸ்" என்றார் அண்ணன்.

தவுக்கே கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "யூ கேன்னாட் ஸ்மெல்" என்று மெதுவாகச் சொன்னார். தொட்டியைத் திறந்து விட்டோம். பீர் முழுவதும் கால்வாயில் நுரைத்துக்கொண்டு போனது. அண்ணன் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் நான்தான் முதலில் உடைந்தேன். பல் வலி பொய், கிள்ளானுக்குப் போயிருந்தேன், அன்றைக்கு வந்தது ஃபகல், எனக்கு எல்லாம் தெரியும் என்று கொட்டினேன். அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டா. தைப்பூசம் முடிஞ்சு அன்னைக்கு நீ கிளாஸ வாங்கி மடக்னு குடிச்ச. மோந்து பாக்காம நீ என்னைக்காச்சும் குடிச்சிருக்கியா? என் முன்னால மோந்து பாக்க மனசு வராமத்தானே?"

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"நீ சிராப் குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்ததப் பாக்க முடியலடா. அதுக்குத்தான் வந்துடுச்சுன்னு சொன்னேன். தவுக்கேக்காக இல்ல."

என் வேண்டுதல்தான் அவர் வாயிலிருந்து அந்தப் பொய்யைப் பிடுங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை என்னால் அதை வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால், நாக்கை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், மூக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தபடியே அவர் அங்கே இருந்திருப்பார். தவுக்கே அண்ணனின் இடத்தை எனக்குக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன், ஒரு தடவைதான். "எடுத்துக்கடா, பினாங்குக்காரன் வந்து உக்காரணுமா?" என்று அண்ணன் அதட்டியதும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் குடும்பம் செமினிக்கு வீடு மாறியது. பள்ளி வேன் ஓட்டுகிறார். "மூக்கில்லாதவனுக்குன்னே செஞ்ச வேலைடா. சாயந்தரம் பிள்ளைங்க கால் சப்பாத்தையும் காலுறையையும் கழட்டிட்டா உங்க அண்ணி வேனுக்குள்ள ஏறவே மாட்டா. எனக்கென்ன?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். சட்டைப்பையில் கொஞ்சம் ஹாப்ஸ் இருக்கும். தேய்த்து நீட்டுவேன், அவர் கவிழ்ந்து இழுப்பார், "இல்லடா" என்பார், கைக்குட்டையை நீட்டுவேன். நான் இன்னும் பீர் குடிப்பதில்லை. வேலைக்காக வாயில் வைத்துத் துப்பிவிடுகிறேன். அந்தச் சமரசத்தை முருகன் ஏற்றுக்கொள்வார் என்று இப்போது தோன்றுகிறது. வேண்டிய சமயத்தில் தோன்றவில்லை.

இந்த வருடம் ஒரு ஞாயிறு போனபோது வேனின் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டுப் பாண்டான் இலை கிடந்தது. பழைய டாக்சிக்காரர்கள் வாசத்துக்குப் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி. அண்ணி வேலையாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தார் அண்ணன். தவுக்கே என் படத்தைப் பெரிதாக்கி ஆலைச் சுவரில் மாட்டியிருப்பதையும், கீழே பீர் காய்ச்சுபவர் என்ற பொருளில் பிரூவர் என்று போட்டிருப்பதையும், அதைப் பார்த்துவிட்டு மகள் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியதையும் சொல்லிக்கொண்டே கையைத் தேய்த்தேன். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எப்போதோ பிரித்து வைத்த சிட்ரா. நீட்டினேன். அவர் ரம்புத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

"பழசுடா இது. மாம்பழம் செத்துப்போச்சு, சீஸ் எட்டிப் பாக்குது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்த நொடியில் என் முகத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வருடக்கணக்காகக் கேட்டது கிடைத்துவிட்டது, துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முதலில் வந்தது பயம். சுவரில் இருந்த என் படம்தான் முதலில் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை அவர் படித்துவிட்டார். என்னைச் சிறு வயதிலிருந்தே படிப்பவர் ஆயிற்றே.

"சும்மா அடிச்சி விட்டேன்டா" என்றார் சிரித்துக்கொண்டு. "எப்பவும் சிட்ராதானே கொண்டுட்டு வர்ற. ஒண்ணும் வரல."

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். மாம்பழத்துக்கு அடியில், நன்றாகக் கவனித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, சீஸ் வாடை இருந்தது. எடுக்கும்போது நானே கவனித்திருக்கவில்லை. அண்ணனுக்கு மூக்கு திரும்பிவிட்டது என்று தவுக்கேக்குப் போன் போட வேண்டும் என்று கையில் எடுத்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போயும் பேசவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

போன ஞாயிறு மறுபடியும் போனேன். அண்ணிக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு பாசாருக்குக் கிளம்பினார். பாண்டான் இலைக் கட்டு இல்லை. கதவைத் திறந்ததுமே காலுறை நாற்றம் முகத்தில் அறைந்தது. வெயிலில் நின்ற வேன், நெடி இன்னும் ஏறியிருந்தது. அண்ணன் கண்ணாடியை இறக்கவில்லை. ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினார். பாசாரில் வண்டியை நிறுத்தியதும் நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தேய்த்து, கையை நீட்டினேன். நீட்டாமல் இருந்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் குனியவில்லை. கண்ணை மூடவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இல்லடா" என்றார். அவர் மூக்கு நுனி சுத்தமாக இருந்தது.

"பரவால்லண்ணே, வந்துடும்" என்றேன் நான்.